‘சர்ன் அவுட்’: ஆங்கிலத்தில் ஒரு ‘தள்ளு’

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் ஆங்கில நாளிதழ் படிக்கிறவர்கள் இந்த மாதிரி ஒரு வரியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது: நம் கல்லூரிகள் வருடா வருடம் லட்சக்கணக்கில் பொறியாளர்களை ‘சர்ன் அவுட்’ செய்கின்றன. சினிமாப் பக்கத்தைத் திருப்பினால் ஏதோ ஒரு ஸ்டுடியோ பேய்ப்படங்களை ‘சர்ன் அவுட்’ செய்துகொண்டிருக்கும். வணிகப் பக்கத்தில் ஓர் ஆலை டி-ஷர்ட்டுகளை. மூன்று இடத்திலும் ‘உற்பத்தி செய்கிறது’ என்று பொருள் வைத்துக்கொண்டு மேலே போய்விடலாம், வாக்கியம் புரிந்துவிடும். எழுதியவர் லேசாக முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார் என்பது மட்டும் நமக்கு வந்து சேராது. இந்தச் சொல்லின் பாதிப் பொருள் அந்தச் சுளிப்பில்தான் இருக்கிறது.

நேரடியாகச் சொன்னால், வேகமாக, ஏராளமாக, ஒன்றைப் போலவே இன்னொன்றாக, தரத்தைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் எதையாவது உண்டாக்கிக்கொண்டே இருப்பது ‘சர்ன் அவுட்’. இந்த நான்கில் முதல் மூன்றும் எப்போதும் இருக்கும். நான்காவது, அதாவது தரக்குறைவு, சில இடங்களில் அழுத்தமாகத் தெரியும். சில இடங்களில் வாடை மட்டும் அடிக்கும். அபூர்வமாக இல்லாமலே போகும். எங்கே எவ்வளவு என்று பிடிபட்டுவிட்டால் இந்தச் சொல் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நம்மிடம் ‘தள்ளு’ என்ற துணைவினை இருக்கிறது. ‘எழுதினார்’ என்றால் எழுதினார், அவ்வளவுதான். ‘எழுதித் தள்ளினார்’ என்றால் அளவு, வேகம், அப்புறம் மேஜையை விட்டு வெளியே போனால் சரி என்ற ஓர் அவசரம், எல்லாம் சேர்ந்து வந்துவிடுகிறது. ‘போஸ்டர் அடித்துத் தள்ளுகிறார்கள்’, ‘வருடத்துக்கு நாலு படம் எடுத்துத் தள்ளுகிறார்’, ‘கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் வாங்கித் தள்ளிவிட்டாள்’. (‘போட்டுத் தள்ளு’ வேறு தொழில், அதை இங்கே இழுக்க வேண்டாம்.) ஆங்கிலத்தில் ‘அவுட்’ செய்கிற வேலையை இங்கே ‘தள்ளு’ செய்கிறது. இரண்டுமே உள்ளே இருப்பதை வெளியேற்றுகின்றன. உள்ளே என்ன நடந்தது என்பதில் இரண்டுக்கும் அக்கறை கிடையாது.

ஒரு வித்தியாசம் உண்டு. நம்முடைய ‘தள்ளு’ பாராட்டாகவும் வரும். ‘ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதித் தள்ளிவிட்டான்’ என்று ஒரு நண்பனைப் பற்றிச் சொன்னால் அதில் வியப்புதான் தூக்கல். ‘சர்ன் அவுட்’ ஒரு மனிதரைப் பற்றி வரும்போது வியப்பு இருந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டே வரும்.

‘சர்ன்’ என்பது வெண்ணெய் எடுக்கும் பாத்திரம். பழைய ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் உயரமான, ஒடுங்கிய மரப்பீப்பாய் இருக்கும். மூடியில் ஒரு துளை. அதன் வழியாக ஒரு தடியை மேலும் கீழும் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும் பீப்பாய்கள் வந்தன. எப்படியானாலும் வேலை ஒன்றுதான்: ஒரே அசைவு, திரும்பத் திரும்ப, வெண்ணெய் திரளும்வரை. அந்த வேலைக்கு மூளை தேவையில்லை, தோள் போதும். பாத்திரத்தின் பெயரே வினையாகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்து, சரக்கு என்று எதை வேண்டுமானாலும் இயந்திரம் போல உண்டாக்கித் தள்ளுவதற்கும் வந்துவிட்டது.

இதில் நமக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் கடைதல் மரியாதையான வேலை. பாற்கடலைக் கடைந்தால் அமுதம் வருகிறது. திட்டும்போதுகூட ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்கிறோம். அயோக்கியத்தனத்தின் சாரமே அவன்தான் என்று பொருள். நாம் மத்தின் நுனியில் திரளும் வெண்ணெயைப் பார்த்தோம். அவர்கள் இடித்து இடித்துச் சலித்த கையைப் பார்த்தார்கள். அதனால் ‘ஸ்டுடியோ படங்களைக் கடைந்தெடுக்கிறது’ என்று மொழிபெயர்த்தால் வசவு பாராட்டாகிவிடும். பேசாமல் ‘எடுத்துத் தள்ளுகிறது’ என்று போடுங்கள்.

இலக்கணம் கொஞ்சம்தான், முடித்துவிடலாம். செயப்படுபொருளை ‘அவுட்’டுக்குப் பின்னாலும் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். ‘சர்ன்ஸ் அவுட் நாவல்ஸ்’ என்பதும் சரி, ‘சர்ன்ஸ் நாவல்ஸ் அவுட்’ என்பதும் சரி. ஆனால் ‘தெம்’, ‘இட்’ மாதிரி சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான்: ‘சர்ன்ஸ் தெம் அவுட்’. இறந்தகாலம் ‘சர்ன்ட் அவுட்’. பேச்சில் அதிகம் காதில் விழும் வடிவம் ‘கீப்ஸ் சர்னிங் அவுட்’. நிறுத்துகிற பாடாகக் காணோம் என்ற சலிப்பை அந்தக் ‘கீப்ஸ்’ சேர்த்துக்கொடுக்கிறது.

செயப்படுபொருள் பெரும்பாலும் பன்மையாகவோ மொத்தமாகக் குவியும் ஒன்றாகவோ இருக்கும்: நாவல்கள், அறிக்கைகள், மீம்கள், செருப்புகள், ‘கன்டென்ட்’. ஒற்றைப் பொருளோடு இது சரியாக உட்காராது. ஒருவர் ஒரே ஒரு காவியத்தைச் ‘சர்ன் அவுட்’ செய்தார் என்றால் கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வசவு யார் மேல் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கல்லூரிகள் பொறியாளர்களைச் ‘சர்ன் அவுட்’ செய்கின்றன என்று எழுதும் நிருபர் கல்லூரியைத்தான் குறை சொல்ல நினைக்கிறார். ஆனால் வாசிக்கிறவர் மனதில் படிவது அரைவேக்காடான பட்டதாரியின் படம். கட்டணம் கட்டி நாலு வருடம் படித்த பையனும் பெண்ணும் அந்த வாக்கியத்தில் டி-ஷர்ட் ஆகிவிடுகிறார்கள். நானாக இருந்தால் மனிதர்களைச் செயப்படுபொருளாக வைத்து இந்தச் சொல்லை எழுத மாட்டேன். பத்திரிகை ஆங்கிலத்தில் அது ஊறிப்போய்விட்டது, வேறு விஷயம்.

சரி, வேகமாக நிறையச் செய்வதெல்லாம் ‘சர்ன் அவுட்’தானா? இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு பழைய கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆந்தனி ட்ராலப் இங்கிலாந்தின் தபால் துறை அதிகாரி. 1852இல் சேனல் தீவுகளில் முதன்முதலாகத் தெருவோரத் தபால் பெட்டி வைக்கக் காரணமாக இருந்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். எப்படி எழுதினேன் என்பதைத் தன் சுயசரிதையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிட வேண்டும். எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வேலையாளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதல். எதிரில் கடிகாரம்; ஒவ்வொரு கால் மணிக்கும் 250 சொற்கள். வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்தார். ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கிய கதையும் உண்டு. போதாததற்கு, புத்தகங்களால் வந்த வருமானத்தையும் பட்டியல் போட்டுக் கடைசிப் பென்னி வரை கூட்டிக் காட்டினார். கிட்டத்தட்ட 69,000 பவுண்டு.

அவர் 1882இல் இறந்தார், சுயசரிதை 1883இல் வெளிவந்தது. கலை என்பது உள்ளொளி, அருள் என்றெல்லாம் நம்பியவர்களுக்கு அது தூக்கிவாரிப் போட்டது. ரொட்டிக்கடைக் கணக்கு மாதிரி கணக்கு வைத்துக்கொண்டு எழுதியவன் எழுத்தாளனா என்று கேட்டார்கள். இறந்த பிறகு அவருடைய மதிப்பு சரிந்ததற்கு அந்த ஒப்புதலும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வதுண்டு. ‘சர்ன் அவுட்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று தோன்றும்.

ஆனால் அதே சுயசரிதையில் இன்னொரு வரி இருக்கிறது. தினமும் உட்கார்ந்ததும் முதலில் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பாராம். சொற்களும் தொடர்களும் காதுக்கு எப்படிக் கேட்கின்றன என்று எடை போட்டுப் பார்ப்பாராம். மூன்று மணி நேர வேலையில் அரைமணி திரும்பிப் பார்க்க. கடிகாரத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர் இந்த அரைமணியைத் தவறவிட்டார்கள். அவருடைய நாவல்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன, வாசிக்கப்படுகின்றன.

இப்போது அமெரிக்காவுக்கு வரலாம். எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிறுவர் நாவல் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். தொழிற்சாலை என்பது மிகையல்ல. கதைச்சுருக்கத்தை அவர் எழுதுவார், சில பக்கங்கள். அது கூலிக்கு எழுதும் ஒருவருக்குப் போகும். அவர் சில வாரங்களில் முழு நாவலாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு தொகை கையில் வரும், அதோடு சரி. ராயல்டி கிடையாது, அட்டையில் பெயரும் கிடையாது, வெளியே சொல்லவும் கூடாது. அட்டையில் நிறுவனத்துக்குச் சொந்தமான புனைபெயர் இருக்கும். எழுதுகிறவர் மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. அத்தியாயம் முடியும்போதெல்லாம் நாயகன் எதிலாவது சிக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் பையன்கள் பக்கத்தைத் திருப்புவார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள். 1914இல் அமெரிக்க பாய் ஸ்கவுட் அமைப்பின் நூலகர் ஃபிராங்ளின் மேத்யூஸ், இந்த மாதிரி மலிவு நாவல்கள் சிறுவர்களின் மூளையைச் சிதறடிக்கின்றன என்று தலைப்பிலேயே வெடித்து ஒரு கட்டுரை எழுதினார்.

உலகம் முழுக்கத் தெரிந்த ‘ஹார்டி பாய்ஸ்’ (1927), ‘நான்சி ட்ரூ’ (1930) இரண்டு வரிசைகளும் இந்தத் தொழிற்சாலைச் சரக்குதான். இங்கே கதை சுவாரஸ்யமாகிறது. ஹார்டி பாய்ஸின் முதல் புத்தகங்களை எழுதியவர் லெஸ்லி மெக்ஃபார்லேன் என்ற கனடியப் பத்திரிகையாளர். அதற்கு முன்னால் இதே நிறுவனத்துக்கு வேறொரு வரிசையைக் கடனே என்று எழுதிக்கொண்டிருந்தவர். ஹார்டி பாய்ஸ் சுருக்கம் கைக்கு வந்தபோது, இதையாவது கொஞ்சம் கவனமாகச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நகைச்சுவை சேர்த்தார், சாப்பாட்டை வாயூற வர்ணித்தார். யாரும் கேட்கவில்லை; அதற்காக ஒரு டாலர்கூட அதிகம் வராது. பின்னாளில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது இதையெல்லாம் அவரே சொன்னார். அதே ஆள் சில வருடம் கழித்து நாட்குறிப்பில் இந்த வேலை வெறுத்துவிட்டது என்று புலம்பவும் செய்தார். வயிற்றுப்பாடு, எழுதினார்.

நான்சி ட்ரூவின் முதல் புத்தகத்தை எழுதிய மில்ட்ரெட் வர்ட் பென்சனுக்குக் கிடைத்தது 125 டாலர். பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் நிறுவனம் கூலியை 75 டாலராகக் குறைத்தது. அவர் முடியாது என்று சொல்லி ஒதுங்கினார். நடுவில் மூன்று புத்தகங்களை வால்டர் காரிக் என்பவர் எழுதினார். பிறகு பென்சன் திரும்பி வந்தார். முதல் 30 புத்தகங்களில் 23 அவருடையவை. ஆனால் 1980இல் பதிப்பகங்களுக்கு நடுவே நடந்த ஒரு வழக்கில் சாட்சி சொல்லும்வரை அவர் யாரென்று வாசகர்களில் அநேகருக்குத் தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் இரு இடத்திலும் இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது. ட்ராலப் மேல் ‘சர்ன் அவுட்’ என்ற முத்திரை சரியாக ஒட்டாததற்குக் காரணம் அந்த அரைமணி. ஸ்ட்ராட்டமையர் நிறுவனம் புத்தகங்களைச் ‘சர்ன் அவுட்’ செய்தது என்று சொன்னால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் மெக்ஃபார்லேன் அந்த முதல் புத்தகத்தைச் ‘சர்ன் அவுட்’ செய்தார் என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. செய்கிறவர் செய்ததைப் பார்த்தாரா, பார்க்காமலே அனுப்பினாரா? இந்தச் சொல் குற்றம் சாட்டுவது அதை. வேகம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்பு சொல்லாது.

இதே கோட்டில் ஹாலிவுட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1940களில் பி.ஆர்.சி. என்ற சின்ன ஸ்டுடியோ இருந்தது. மலிவுப் படங்கள், ஒரு வாரத்துக்குள்ளேயே படப்பிடிப்பு முடிந்துவிடும் ரகம். அதன் ஆஸ்தான இயக்குநர் சாம் நியூஃபீல்ட் எடுத்துத் தள்ளிய வேகத்தில், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு புனைபெயர்களையும் சேர்த்துக்கொண்டார்: பீட்டர் ஸ்டூவர்ட், ஷெர்மன் ஸ்காட். மூன்று பேர் செய்கிற வேலையை ஒருவர் செய்ததாகவும் வைத்துக்கொள்ளலாம், ஒரே படத்தை மூன்று பேர் எடுத்த மாதிரி இருந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். அதே ஸ்டுடியோவில், அதே மாதிரி சொற்பச் செலவில், எட்கர் உல்மர் 1945இல் ‘டீடூர்’ எடுத்தார். 1992இல் அது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்ந்தது.

எழுத்தையும் சினிமாவையும் விட்டுவிட்டு ஆலைக்குள் வந்தால் இந்தச் சொல்லின் குணமே கொஞ்சம் மாறுகிறது. ஓர் ஆலை மணிக்கு ஆயிரம் பாட்டில்களைச் ‘சர்ன் அவுட்’ செய்கிறது என்றால் அதில் ஏளனம் குறைவு. இயந்திரம் இயந்திரமாக இருப்பதில் என்ன தப்பு? போர்க்காலத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் விமானத்தையும் டாங்கியையும் கப்பலையும் நாடுகள் ‘சர்ன் அவுட்’ செய்தன என்று பெருமையாகவே எழுதியிருப்பார்கள். அதில் ஓர் உதாரணம் நின்று பார்க்கத் தக்கது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. அமெரிக்கா ஒரே வரைபடத்தை வைத்து ‘லிபர்ட்டி’ என்ற சரக்குக் கப்பலை வரிசையாகக் கட்ட ஆரம்பித்தது. 1941க்கும் 1945க்கும் நடுவே 2,710 கப்பல்கள். முதல் கப்பலுக்கு 244 நாள் ஆனது. போகப் போகச் சராசரி ஆறு வாரத்துக்கு வந்துவிட்டது. 1942 நவம்பரில், கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில், விளம்பரத்துக்காகவே ஒரு கப்பலை அடிப்பலகை போட்டதிலிருந்து நாலு நாள் பதினைந்தரை மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கினார்கள். ரகசியம் இதுதான்: பாகங்களைத் தனித்தனியாக வேறு இடங்களில் செய்துகொண்டு வந்து, ‘ரிவெட்’ ஆணி அடிக்காமல் வெல்டிங் செய்து ஒட்டினார்கள். அந்த வெல்டிங்கைச் செய்தவர்களில் பலர் அதற்கு முன் கப்பல் கட்டும் இடத்தையே பார்த்திராதவர்கள், பெண்கள் ஏராளம்.

அப்புறம் கப்பல்கள் விரிசல் விட ஆரம்பித்தன. சில கப்பல்கள் இரண்டாகவே பிளந்தன. எல்லோருடைய விரலும் முதலில் எங்கே நீண்டிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்: அவசரம், அனுபவமில்லாத கைகள், வெல்டிங். வேகமாகச் செய்தால் அரைகுறையாகத்தான் இருக்கும் என்ற அதே கணக்கு. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் ஆராய்ந்து பார்த்தபோது முக்கியக் குற்றவாளி எஃகு என்று தெரிந்தது. அன்றைய அந்த எஃகு, வட அட்லாண்டிக் குளிரில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் வளையும் குணத்தை இழந்து கண்ணாடி மாதிரி உடைந்தது. சரக்கறை வாயின் சதுர மூலைகளில் அழுத்தம் குவிந்து விரிசல் அங்கே பிறந்தது. ஆணி அடித்த பழைய கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றிருக்கும். வெல்டிங் செய்த உடம்பு ஒரே துண்டாக இருந்ததால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடியது. மூலைகளை வளைவாக்கினார்கள், அங்கங்கே வலுச் சேர்த்தார்கள். ஐந்து வருடம் உழைத்தால் போதும் என்று நினைத்துக் கட்டிய கப்பல்களில் பல, போர் முடிந்து வெகுகாலம் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

அதனால் ஆலைச் சரக்கைப் பற்றி ‘சர்ன் அவுட்’ என்று படிக்கும்போது உடனே மட்டம் என்று முடிவுகட்டாமல், பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். ‘சீப்’, ‘ஷாடி’, ‘எண்ட்லெஸ்’, ‘ஃபார்முலா’ மாதிரி ஏதாவது இருந்தால் சுளிப்பு இருக்கிறது. வெறும் எண்ணிக்கையும் கால அளவும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வியப்பு.

இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் நிறைய. ‘க்ராங்க் அவுட்’ கிட்டத்தட்ட இதேதான், கைப்பிடியைச் சுற்றுகிற படம். அமெரிக்கர் வாயில் அதிகம் வரும், கொஞ்சம் உற்சாகமும் உண்டு. ‘க்ரைண்ட் அவுட்’ என்றால் செய்கிறவருக்கே அலுப்பு, அரைத்த மாவையே அரைக்கிற அலுப்பு. ‘பேங் அவுட்’ டைப்ரைட்டரைத் தட்டுகிற சத்தத்தோடு வரும், ஒற்றைப் பொருளுக்கும் பொருந்தும். ‘டாஷ் ஆஃப்’ ஒரு கடிதத்தையோ குறிப்பையோ நின்றவாக்கில் கிறுக்கி அனுப்புவது. அதில் குற்றச்சாட்டே இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் ‘நாக் அவுட்’ என்றும் சொல்வார்கள், நமக்கு உடனே உலகக்கோப்பை அரையிறுதி ஞாபகம் வந்து தொலைக்கும். ‘டர்ன் அவுட்’ நடுநிலை. நல்ல பொருளையும் ‘டர்ன் அவுட்’ செய்யலாம். ‘ரோல் அவுட்’ ஒரு திட்டத்தையோ பொருளையோ முறைப்படி அறிமுகப்படுத்துவது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நிறுவனத்தார் எப்போதும் ‘ரோல் அவுட்’ என்பார்கள், போட்டி நிறுவனத்தார் அதையே ‘சர்ன் அவுட்’ என்பார்கள்.

இணையம் வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு ஓய்வே இல்லை. 2010ஐ ஒட்டிய வருடங்களில் ‘கன்டென்ட் ஃபார்ம்’ என்று அழைக்கப்பட்ட நிறுவனங்கள் கிளம்பின. அவற்றில் பெரியது டிமாண்ட் மீடியா. மக்கள் கூகுளில் என்ன தேடுகிறார்கள் என்று கணினி நிரல் பொறுக்கும், தலைப்பும் அதுவே தீர்மானிக்கும். வெளியே இருந்து எழுதுகிறவருக்கு ஒரு கட்டுரைக்கு 15 டாலர் மாதிரி கிடைக்கும். ஷூ லேஸ் கட்டுவது எப்படி என்பதிலிருந்து சிறுநீரகக் கல்வரை எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் ஒரு கட்டுரை. ஸ்ட்ராட்டமையரின் முறையேதான், கதைச்சுருக்கம் எழுத ஆளுக்குப் பதில் நிரல். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. ‘பாண்டா’ என்று பெயர். இந்த மாதிரித் தளங்கள் பலவும் அதில் அடிபட்டன.

எழுதுகிற ஆளும் வேண்டாம் என்ற நிலை 2022இன் கடைசியில் சாட்ஜிபிடியோடு வந்தது. மறுவருடம் பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் படைப்புகள் வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. 2023 செப்டம்பரில் அமேசான் தன் சுயபதிப்புச் சேவையில் ஓர் உச்சவரம்பு கொண்டுவந்தது: ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகங்களுக்கு மேல் புதிதாக ஏற்றக் கூடாது. மூன்று! ட்ராலப் இதைக் கேட்டால் கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

கடைசியாகப் புழக்கத்துக்கு வருவோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘வாரத்துக்கு இருபது கட்டுரைகளைச் சர்ன் அவுட் செய்வேன்’ என்று எழுதினால், தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதித் தள்ளுவேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அங்கே ‘ரைட்’, ‘ப்ரொடியூஸ்’, ‘டெலிவர்’ போதும். உங்கள் மேலதிகாரியின் அறிக்கைகளைப் பற்றி அவர் காதுபடவும் வேண்டாம். தன்னைப் பற்றித் தானே அடக்கமாகச் சொல்லிக்கொள்ள மட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம்; ‘இன்றைக்குச் சில பக்கங்களைச் சர்ன் அவுட் செய்தேன்’ என்று ஓர் எழுத்தாளர் சொன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏதோ எழுதினேன் என்கிறார்.

‘அவுட்’ இல்லாமல் தனியாகச் ‘சர்ன்’ வந்தால் எச்சரிக்கையாக இருங்கள், அது வேறு ஆளாக இருக்கலாம். வயிறு ‘சர்ன்’ ஆகிறது என்றால் பயத்திலோ குமட்டலிலோ கலக்குகிறது. பங்குத் தரகர் ‘சர்னிங்’ செய்தார் என்றால் தன் கமிஷனுக்காக வாடிக்கையாளரின் கணக்கில் தேவையில்லாமல் வாங்கி விற்றுக்கொண்டே இருந்தார் என்று பொருள், அது முறைகேடு. அப்புறம் செல்போன் நிறுவனங்களின் ‘சர்ன் ரேட்’. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த பிறகு வணிகச் செய்திகளில் அது அடிக்கடி கண்ணில் படுகிறது. மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் இணைப்பை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற கணக்கு அது. உற்பத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.